எடைமேடைக் கம்ப்யூட்டரில் ஒரு டக் டக்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலேயே வெயில் உறைக்கிறது. எட்டு மணிக்கு எடைமேடை திறந்தேன். முதலில் ஜல்லி லாரி, அடுத்து மானாம்பதி நெல் வண்டி. பதினொன்றரைக்கு கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து புதுசாக ஒரு சத்தம். கர்ர்ர், அப்புறம் டக் டக் டக். ஒரு தட்டு தட்டினேன், நின்றது. பல்லியாக இருக்கும் என்று மேஜைக்குப் பின்னால் பார்த்தேன். பல்லி இல்லை. ஆயுத பூஜைப் பொரி நாலு கிடந்தது, பெருக்கித் தள்ளினேன்.

வாங்க: பிரிண்டர் ரிப்பன், கொசுவத்தி, பேனா.

அக்டோபர் 8, புதன்

சத்தம் இன்று மூன்று தடவை. நெல் வியாபாரி ஒருவர் எடைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நகரவே இல்லை. "மிஷினே இழுத்துக்கினு கீது, எடை மட்டும் சரியா வருமா?" எடை வருவது மேடைக்கு அடியிலிருந்து, இந்தப் பெட்டி அதை எழுதிக் காட்டுகிறது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். நம்பவில்லை, முகத்திலேயே தெரிந்தது. பதினோரு வருஷத்தில் என் சீட்டை யாரும் இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்லை.

சாயங்காலம் முதலாளியின் மருமகன் வந்தார். (இனி மரு. முழுப்பேர் எழுதக் கை வரவில்லை.) நான்தான் எதையோ கெடுத்துவிட்டேனாம். போன் சார்ஜ் போட்டிருப்பேன், டீ ஊற்றியிருப்பேன். "தீவாளிக்குள்ள சத்தம் நிக்கலன்னா வேற மிஷினு வரும். வேற ஆளும் வரும்" என்றார். அவருடைய சித்தப்பா பெண் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அது எனக்கும் தெரியும்.

சத்தத்தை நானே கண்டுபிடிக்க வேண்டும். வேறு யார் செய்வார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

சந்தேகம்: எலி, யூ.பி.எஸ்., மேஜைக் கால், லாரி அதிர்வு.

எலி இல்லை. ராத்திரி கோலமாவு தூவிவிட்டுப் போனேன், காலையில் ஒரு கால்தடம்கூட இல்லை. யூ.பி.எஸ்.ஸை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்தேன், அப்போதும் டக் டக். மேஜைக் காலுக்கு அட்டை வைத்ததும் வீண். ஆனால் ஒன்று: லோடு லாரி மேடையில் ஏறும்போது சத்தம் நின்றுவிடுகிறது. கொட்டகை அதிர்கிறது, உள்ளே ஏதோ நகர்ந்து கொடுக்கிறது. லாரி இறங்கினதும் மறுபடி.

மெக்கானிக்கை அனுப்பச் சொல்லி முதலாளிக்கு போன். "பாக்கலாம்மா." செவ்வாயன்றும் இதே பதில், நேற்றும் இதே பதில்.

அக்டோபர் 11, சனி

தூறல். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவருக்கு நானே போன் போட்டேன். டிஸ்க்காக இருந்தால் பழைய கணக்கெல்லாம் போய்விடும், விசிறியாக இருந்தால் பயமில்லை, எங்கிருந்து வருகிறது என்று முதலில் காது வைத்துக் கேளுங்கள் என்றார். கையோடு எல்லாவற்றையும் பென் டிரைவில் காப்பி எடுத்துவிட்டேன்.

காது வைத்தால் பெட்டி முழுக்கவே சத்தம். கொட்டகைக்குப் பின்னால் பப்பாளி மரம் இருக்கிறது. ஒரு இலைக்காம்பை ஒடித்து, இரண்டு நுனியையும் நறுக்கி, ஒரு முனையைப் பெட்டியிலும் ஒரு முனையைக் காதிலும் வைத்தேன். டிஸ்க் இருக்கும் இடத்தில் மெல்லிய ரீங்காரம், வேறொன்றும் இல்லை. பக்கவாட்டுச் சல்லடைக்கு வந்ததும் காதுக்குள்ளேயே டக் டக். விசிறிதான்.

ஜல்லி லாரி டிரைவர் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டார். "இன்னாக்கா, டாக்டரு வேலைல சேந்துட்டியா?" சிரித்துவிட்டேன். இந்த வாரத்தில் முதல் தடவை. பப்பாளிப் பால் பட்டு காது அரிக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

மதியம் வண்டி இல்லை. கரண்டைப் பிடுங்கிவிட்டுத் திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தேன். விரல் கனத்துக்கு ஜல்லித் தூசி. விசிறியின் நடுவில் வாழைநார், சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டு. அதன் நுனியில் ஒரு காய்ந்த சாமந்திக் காம்பு. விசிறி சுற்றும்போது அந்தக் காம்பு இறக்கையில் அடிக்கிறது. அதுதான் டக் டக்.

சல்லடை ஒரு மூலையில் உடைந்து பல வருஷம் ஆகிறது. விசிறி காற்றை உள்ளே இழுக்கும். மாலையின் வாலையும் இழுத்துக்கொண்டது. ஆயுத பூஜை மாலை. மரு. தன் கையால் போட்டது.

என் பங்கும் உண்டு, எழுதிவிடுகிறேன். நாலாம் தேதி காய்ந்த மாலையை எடுத்துப் போட்டது நான். இழுத்தபோது எங்கோ அறுந்தது. கவனிக்கவில்லை.

ஆனால் போடும்போது நான் அங்கே இருந்திருந்தால் அந்தப் பக்கம் தொங்கவிடாதீங்க என்று சொல்லியிருப்பேன். என்னைப் பூஜை முடிந்து வரச் சொன்னார்கள். வந்தேன். வாசலிலேயே நிற்கவைத்துப் பொரிப் பொட்டலம் நீட்டினார்கள். காலனிக்காரி உள்ளே வந்தால் படையலுக்கு ஆகாது. வருஷம் முழுக்க என் விரல் படுகிற மிஷின், அன்று ஒரு நாள் மட்டும் நான் தொட்டால் தீட்டு.

நாரைக் கத்தரித்து எடுத்தேன். தூசி துடைத்து, மூடி, சுவிட்சைப் போட்டேன். சத்தம் இல்லை. அழுகை வந்தது, அடக்க முடியவில்லை. நாரையும் காம்பையும் ஒரு எடைச்சீட்டில் மடித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

முதலாளியும் மரு.வும் வந்தார்கள். சீட்டைப் பிரித்துக் காட்டினேன். இனி சத்தம் வராது என்றேன். முதலாளி நாரைப் பார்த்தார், மருமகனைப் பார்க்கவில்லை.

மரு. சொன்னது: "சாமிக்குப் போட்ட பூவு. அத்தப் போயி குத்தம் சொல்லிக்கினு கீறா." அடுத்து என்னிடம்: "யாரக் கேட்டு பொட்டியத் தொறந்த?"

முதலாளி என்னை அதட்டியதே கிடையாது. இன்றும் அதட்டவில்லை. "ஒரு வார்த்த சொல்லிட்டுத் தொறந்திருக்கலாமேம்மா" என்றார். மூன்று தடவை போன் பண்ணினேனே என்றேன். எடைமேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். காலியாக இருந்த மேடையில் அவருக்குப் பார்க்க என்ன இருந்ததோ.

தீபாவளி முடிந்ததும் புது ஆள். வேலை சொல்லிக்கொடுத்துவிட்டு நான் போகலாம். முதலாளி நல்லவர் என்று இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வீட்டில் அவர்: "சத்தம் வந்தா வந்துட்டுப் போவுதுன்னு நீ கம்முனு இருந்திருக்கலாம்ல?" கம்மென்று இருந்திருந்தாலும் இதேதான்.

அக்டோபர் 17, வெள்ளி

பெட்டி சத்தமில்லாமல் ஓடுகிறது. மூன்று நாளாக. ஒருத்தரும் கவனிக்கவில்லை. அந்த நெல் வியாபாரி வந்தார், சீட்டைப் பார்க்காமலே மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "மிஷினு மாத்திட்டாங்களா? நல்லதாப் போச்சு" என்றார்.

அம்மாவுக்குப் புடவை எடுக்கவில்லை. ஞாயிறு பார்க்கலாம்.

அக்டோபர் 24, வெள்ளி

காலையிலிருந்து மழை. புது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மரு.வின் சித்தப்பா பெண்ணுக்கு இரண்டு நாளாகச் சொல்லிக்கொடுத்தேன். அக்கா அக்கா என்கிறாள், கெட்டிக்காரி. அவள்மேல் கோபப்பட எவ்வளவோ முயன்றேன், வரவில்லை.

பத்து மணிக்குப் பூஜை. நான் ஜன்னலுக்கு வெளியே குடையோடு. சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அதற்காக நின்றேன். சூடாகக் கூடாது என்று பெட்டியின் பக்கமூடியைக் கழற்றியே வைத்திருக்கிறார்கள். மரு. கற்பூரம் காட்டி மாலை போட்டார். கதம்பம், நல்ல நீளம். வால் மூடியில்லாத பக்கம் தொங்கியது. சுவிட்சைப் போட்டதும் அது லேசாக ஆடி விசிறிப் பக்கம் சாய்ந்தது. எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் ஜன்னலுக்கு வந்தாள். "வேற எதுனா சொல்லணுமாக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்று சாவியைக் கொடுத்தேன்.