அப்பா திருவிருந்துக்கு எழவில்லை

நாயுடுபுரம்,
கொடைக்கானல்.

அன்புள்ள ஷர்மிளாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் குளிரைப் பொறுத்து முடிவெடுக்கிறது. டப்ளினில் நீயும் மாப்பிள்ளை ரஷாத்தும் குழந்தை ஸைமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா, இல்லையென்றால் வெந்நீர் ஆவி மட்டும் பக்கத்தில் வை, யார் சொன்னாலும் மூக்கில் எண்ணெய் விடாதே. ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அப்பா அடுத்த அறையில் சுவிட்ச் போர்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் போர்டில் ஒரு கோளாறும் இல்லை. இது அவர் காதில் விழக் கூடாத விஷயம் என்பதால் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பீரியடில் உட்கார்ந்து எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான், உன் அப்பா புது மனிதராகிவிட்டார். லெந்து காலத்து உபவாசக் கூட்டத்துக்கென்று செண்பகனூர் போனவர், திரும்பி வந்து பழைய குணங்களையெல்லாம் விட்டுவிட்டதாக அறிவித்தார். நான் வேதியியல் சொல்லித்தருகிறவள். சூட்டில் உருகுவது பெரும்பாலும் ஆறினால் மறுபடி உறைந்துவிடும், ஆகவே ஆறட்டும் என்று காத்திருந்தேன். முதலில் சிகரெட் போனது. அதன் பிறகு பொய் போனது, அதுதான் கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் நம் வீட்டு மேல்மாடியை வாடகைக்கு விடுவதே ஒரு பொய்யின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து, ரூமிலிருந்து ஏரி தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாதுங்க, வாசப் போர்டுல போட்டிருக்கது பொய்ங்க, தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னா கொஞ்சம் தெரியும், ஆனா ஏற விடமாட்டேன் என்றார் உன் அப்பா. அந்த அம்மாள் சிரித்துவிட்டு, இவ்வளவு உண்மை பேசுறவர் வீட்டில் வெந்நீராவது நிச்சயம் வரும் என்றாள். அதுவும் சந்தேகந்தாங்க என்றார் அப்பா. எப்படியோ அவர்கள் தங்கிவிட்டுப் போனார்கள், போகும்போது என்னிடம் சாருக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு என்று விசாரித்தார்கள்.

இதுவரை எனக்குச் சிரிப்புதான். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் திருவிருந்துக்கு, அப்பமும் ரசமும் வாங்க, எல்லாரும் வரிசையாக எழுந்து போக, அவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். யாரோடும் மனத்தாங்கல் வைத்துக்கொண்டு கை நீட்டக் கூடாது, முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்று கூட்டத்தில் சொன்னார்களாம். முப்பது வருஷமாக இதே பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டே முதல் ஆளாக எழுந்து போனவர்தான். நம் சபையில் ஒருவர் எழவில்லையென்றால் அன்றைக்கு வேறு பிரசங்கம் தேவையில்லை, உனக்கே தெரியும். வெளியே வந்ததும் நம் சபை லாவண்யா என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணி தப்பா நெனைக்காதீங்க, அண்ணனுக்கு வேற எங்கயும் குடும்பம் கிடும்பம் இருக்கா என்று கேட்டாள். இருக்கிற ஒன்றுக்கே அவருக்கு நேரம் போதவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் வெள்ளனே கிளம்பி உன் மாமனாரின் தைலக் கடைக்கே போய்விட்டார். உன் கல்யாணத்தன்று எனக்கு மக இல்ல என்று சொன்னவர், இந்த மூன்று வருஷத்தில் அந்தக் கடை இருக்கும் பக்கம்கூடத் திரும்பியதில்லை. நடந்ததை உன் மாமியார் அமீருன்னிசா எனக்கு ஃபோனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பா கல்லா முன்னால் நின்று, நசுருதீன், மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன், எங்க வீட்ல தங்க வர்றவங்க கிட்டயெல்லாம் ஒன் கடைத் தைலத்துல மண்ணெண்ணெய் கலக்குதுன்னு சொல்லிட்டேன் என்றாராம். நசுருதீன் அண்ணனுக்கு இது அதுவரை தெரியவே தெரியாது. ஏலே பாண்டி, அது நீதானா, யாவாரம் படுத்ததுக்கு நான் மழையத் திட்டுனேன், ஆன்லைன்காரனத் திட்டுனேன், நீ இங்கயே கெடந்திருக்கியே என்று கத்தியதில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்களாம். மன்னிச்சிரு என்றார் இவர். முடியாது போ என்றார் அவர். ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும், வெரசாச் சொல்லு என்று இவர் நெருக்க, ஒனக்கு வேணும்னா ஒங்க கோயில்ல வாங்கிக்க, இங்க தைலமும் சாக்லேட்டும்தான் விக்கிறோம் என்றாராம் அவர். அமீருன்னிசா உள்ளேயிருந்து வந்து, சம்பந்திங்க மாதிரியா சண்டை போடுறீங்க என்று அதட்ட, சம்பந்திங்க வேற எப்பிடிப் போடுவாங்க என்று கேட்டுவிட்டு, நசுருதீன் அண்ணனே டீ சொல்லி, செல்லில் ஸைமா படத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். மூக்கப் பாரு பாண்டி, எங்க வம்சத்துல இப்பிடி ஒரு மூக்கு கெடையாது, இதையே மன்னிச்சவன் தைலத்தையா மன்னிக்க மாட்டேன் என்றாராம். அப்பா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் டீ ஆறி, இன்னொன்று சொல்ல வேண்டியதாயிற்று என்று அமீருன்னிசா சொன்னார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர்கள் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் அவர் எழவில்லை. நம் ஆயர் பிரசாந்த் இளவயதுக்காரர், பயந்துபோய் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். அண்ணே, எல்லார்ட்டயும் ஒப்புரவாயிட்டீங்களே, இன்னும் யாரு என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், நான் முறுக்குத் தட்டைப் பார்த்தேன். கடைசியில், என் மகதான் ஆயரே, ஆனா அவளும் மூணு வருஷத்துல ஒரு தடவகூட எனக்குக் கூப்பிடலியே என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீ கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாய், கிறிஸ்துமஸுக்கும் குழந்தை பிறந்த அன்றைக்கும் கூப்பிட்டாய், அப்பா எடுக்க மாட்டேன்கிறார் என்று என்னிடம் அழுதாய், நானும் அவர் பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். இந்த வீட்டில்தான் யாரும் யாரையும் எதையும் நேராகக் கேட்பதில்லையே. ஆயர் அவர் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு, அண்ணே, ஒங்க மக நம்பர ப்ளாக் பண்ணி வச்சிருக்கீங்களே என்றார். ஆமா, கல்யாணத்தன்னிக்கு நாந்தான் பண்ணேன், கோவம் தணிஞ்சு நான் கூப்பிட்டுறக் கூடாதுன்னு என்றார் அப்பா. ப்ளாக் பண்ணினால் தன்னால் கூப்பிட முடியாது, நீ கூப்பிடலாம் என்று நினைத்திருக்கிறார், ஷர்மி. தன் வாயைப் பூட்டுவதாக நினைத்து உன் வாயைப் பூட்டிவிட்டு, மூன்று வருஷமாக நீ பேசவில்லை என்று ரோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அப்பா தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்ததை ஆயர் விளக்கிச் சொல்லி, பூட்டை எடுத்துவிட்டு, ஜெபம் பண்ணவும் மறந்து எழுந்துபோய்விட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பா பின்பக்கம் போய் இருட்டும்வரை விறகைப் பிளந்தார். இப்போது நாங்கள் சமைப்பது கேஸில்.

நீங்களே கூப்பிடுங்கள் என்றேன். என்னன்னு சொல்லிக் கூப்பிட, அவ கதவத் தட்டத் தட்ட உள்ள பூட்டிட்டு ஒக்காந்திருந்தவன் நான் என்கிறார். இப்போது குளிக்கப் போனாலும் ஃபோனை வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். வருகிற ஞாயிறு ஈஸ்டர். நியாயப்படி அவர்தான் கூப்பிட வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை, நீ நியாயம் பார்த்தால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இந்தப் புது மனிதர் எத்தனை நாள் தாங்குவார் என்பதும் எனக்குத் தெரியாது, உள்ளே என்ன நடந்தது என்று பரிசோதித்துப் பார்க்கும் கருவி என்னிடம் இல்லை. ஆனால் இந்த மனிதர் ஒருவரிடம் போய் நான் செய்தது தப்பு என்று சொன்னதை, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இனிமேல் நீ கூப்பிட்டால் ஃபோன் அடிக்கும், அதை உனக்குத் தெரியப்படுத்த வேண்டியது என் கடமை.

இருட்டில் எழுந்து வேலைக்குப் போகிறபோது காதை மூடிக்கொள், ரஷாத்தையும் வேளைக்குச் சாப்பிடச் சொல். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காப்பாராக, இதை நான் பழக்கத்தில் எழுதவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வீட்டில்தான் இருப்பார், நான் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விடுவேன். கூப்பிடுவதானால் எடுத்த உடனே யாரு பேசுறது என்று கேட்பார். நீதான் என்று அவருக்குத் தெரியும், ஃபோனை வைத்துவிடாதே.

உன் அன்புள்ள,
அம்மா