கிழவனை அணைத்த நாள்

காலை 9.10. செவ்வாய்க் கிரகம், பனிச்சுரங்க நிலையம்

எழுதுவது ஜெபக்கனி. இங்கே இரண்டே பேர்: நானும், பனிக்கொட்டகையில் எந்திரம் பார்க்கும் அருமைநாயகமும். சர்வர்கள் பன்னிரண்டு. பூமியிலிருந்து புது பேட்ச் வந்தது. சைக்கிள் டியூபுக்குப் போடுகிற வேலைதான். என்ன, இந்த ஓட்டையில் காற்று போகாது, கள்ளன் வருவான். பதினொன்றுக்குப் போட்டு, அணைத்து எழுப்பியாயிற்று. சமர்த்துப் பிள்ளைகள். மிச்சம், நாங்கள் கிழவன் என்று கூப்பிடும் பழைய சர்வர். கதவும் காற்றும் அவன் பொறுப்பு. வருடக்கணக்காக அவனை யாரும் அணைத்ததில்லை. எழும்புவானோ மாட்டானோ என்ற பயம்.

11.40

பூமி: “அந்தக் கடைசி சர்வரையும் உடனே முடியுங்க. இன்னொரு நிலையத்துல எவனோ உள்ள நுழைஞ்சு கதவைத் திறந்துட்டான்.”

கிழவனை அணைத்தால் கதவு திறக்காது, காற்று ஓடாது. அருமையோ கொட்டகைக்குள்.

அருமை: “வேலைய முடிச்சிட்டு நான் வந்துக்கிடுதேன், பொறவு அணைங்கக்கா. இல்ல, சோத்துல ஒரு பங்கு மிச்சம்னு பாக்கியளோ?”

நான்: “நீ திங்கிற தீனிக்கு அப்படித்தாம்ல செய்யணும்.”

சிரித்துக்கொண்டே திரையில் ‘பிறகு’ என்பதை அமுக்கினேன்.

2.05

சமையலறைக் கதவு தானாகத் திறந்து மூடியது. அருமையின் சேட்டை என்று ஏசினேன்.

அருமை: “நான் கொட்டகையிலல்லா இருக்கேன்!”

கிழவனின் திரையில், உள்ளே நுழைந்தவர் பட்டியலில், என் பெயருக்குக் கீழே தெரியாத ஒரு பெயர்.

2.12

கள்ளன் கதவு கதவாகத் திறந்து பார்க்கிறான். கொட்டகையிலிருந்து இங்கே வரும் வழியைப் பூட்டிவிட்டான். அடுத்து கொட்டகையின் வெளிக்கதவுதான்; அது திறந்தால் உள்ளே காற்று நிற்காது. அருமையின் காற்று உடுப்பு இங்கே என் பக்கத்தில் தொங்குகிறது. பேட்ச் ஏற்றிவிட்டேன்.

அருமை: “அணைங்கக்கா. முக்கால் மணி நேரத்துக்குக் காத்து இருக்கு.”

அணைத்தேன்.

2.19

கிழவன் விழித்தான், ஆனால் ரகசியச் சொல் கேட்கிறான். எங்களுக்குத் தெரியாது. வைத்தவர் எப்போதோ பூமிக்குப் போய்விட்டார். செய்தி போக இருபது நிமிடம், வர இருபது. நடுவில் அந்த மனுஷனைத் தேடிப் பிடிக்க வேண்டும். அருமை ரேடியோவில் கதை அளந்துகொண்டே இருக்கிறான்.

நான்: “ஏலே, வாயை மூடு. காத்து மிச்சமாவட்டும்.”

அருமை: “சரிக்கா. எங்கம்மையால முடியாததை நீங்க முடிச்சிட்டிய.”

3.08

சொல் வந்தது. அணைத்து ஐம்பத்தாறு நிமிடம். அவசரத்தில் முதலில் தப்பாக அடித்தேன். மறுபடி. கிழவன் எழுந்துவிட்டான். திரையில் என் பெயர் மட்டும். காற்று ஓடுகிறது. கொட்டகைக் கதவைத் திறந்தேன்.

நான்: “போதும்ல. இனி பேசு.”

3.10

நான்: “அருமை.”

3.11

கதவு திறந்தே இருக்கிறது. ரேடியோவை வாயோரம் பிடித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன்.

நான்: “வெளையாடாதல. ஏச மாட்டேன். பேசு.”