மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினேன்

அம்மா, இதை யாருக்கும் காட்டிவிடாதே.

செத்துப்போனவளிடம் இப்படிக் கெஞ்சுவது பைத்தியக்காரத்தனம்தான். நீ யாரிடம் போய்க் காட்டப் போகிறாய்? கர்த்தர் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும், அவருக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. அப்பா கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது. அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் தாளைத் தூக்கிக்கொண்டு நேரே கோயில் உபதேசியாரிடம் போய்விடுவார். அத்தை என் கால்மாட்டில் படுத்திருக்கிறாள். அவள் புரளும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

சுரங்கத்துக்குள் போகும்போது அப்பா தலைப்பாகையில் களிமண் வைத்து ஒட்டிக்கொள்வாரே, அந்த மெழுகுவர்த்தியின் மிச்சத் துண்டு ஒன்றைக் கொளுத்தி வைத்திருக்கிறேன். துரைமார் பங்களாக்களில் இப்போது மின்சார விளக்கு எரிகிறது. நம் கூலி லைனில் இன்னும் இந்தக் கொழுப்பு வாடைதான். திரி பற்றியதும் வாடை வந்தது, கூடவே நீயும் வந்து உட்கார்ந்துவிட்டாய். காலை மடக்கிக்கொண்டு, வேதப்புத்தகத்தைத் தரையில் விரித்து, சுத்தியல் பட்டுக் கறுத்துப்போன கட்டைவிரல் நகத்தை வரிக்குக் கீழே வைத்தபடி.

பகலெல்லாம் தங்கம் அரைக்கிற மில்லுக்குப் போகிற கல்லை உடைத்துப் பொறுக்கிவிட்டு வந்து, முப்பத்தைந்து வயதில் என்னிடம் அ, ஆ படித்தவள் நீ. "எம் பொண்ணுதான் எனுக்கு வாத்தியாரம்மா. அடிக்காத வாத்தியாரம்மா" என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

உனக்குச் சேதி தெரியாது. எனக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. என் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி, இதற்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் கேட்டார். இரண்டு தடவையும் ஒருவர்கூட இருமவில்லை. நாளை மூன்றாவது ஓலை. அதற்கும் யாரும் வாய் திறக்காவிட்டால் அடுத்த வாரம் கல்யாணம். பள்ளிக்கூடம் அதோடு சரி.

மாப்பிள்ளை மாரிகுப்பத்தில் இருக்கிறவர். சுரங்கத்துக்குள் அப்பா வேலை செய்கிற லெவலில் அவர்தான் மேஸ்திரி. முப்பத்தாறு வயது. மனைவி செத்து ஒரு வருஷம் ஆகிறது. அவருடைய மூத்த மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படிக்கிறாள். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். குடிப்பதில்லை, ஒரு ஞாயிறுகூடக் கோயிலுக்கு வராமல் இருந்ததில்லை. எனக்குப் பதினான்கு வயது, அம்மா.

நடந்ததைக் கேள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேஸ்திரி மாட்டுவண்டியில் உபதேசியாரையும் ஏற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். மண்டையைப் பிளக்கிற வெயில். மேஸ்திரி குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பில் கொடுத்தேன். வண்டி மாடுகள் இரண்டும் நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றன. "மாட்டுக்கும் காட்டட்டுமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

உபதேசியார் எழுந்து நின்றுவிட்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

"இன்னா ஐயா, இன்னா ஆச்சு?" என்று அப்பா பதறிப்போனார்.

"கேட்டீங்களா மேஸ்திரி? கேட்டீங்களா? வார்த்தைக்கு வார்த்தை!" உபதேசியார் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "ஒட்டகத்துக்குப் பதிலா மாடு. அவ்ளோதான் வித்தியாசம். இது தேவசித்தம் ஐயா, தேவசித்தம்!"

பிறகுதான் புரிந்தது. முந்தின நாள் அவர்கள் இரண்டு பேரும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணியிருக்கிறார்கள். வேதத்தில் ஈசாக்குக்குப் பெண் தேடி ஒட்டகங்களோடு போன ஊழியக்காரன் கிணற்றங்கரையில் நின்று ஓர் அடையாளம் கேட்டானே, அதே அடையாளத்தை இவர்களும் கேட்டிருக்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் எவள் மிருகத்துக்கும் தருகிறேன் என்கிறாளோ, அவள்தான் மேஸ்திரிக்குப் பெண். மாடுகள் குடித்துக்கொண்டே இருந்தன. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

நாக்குத் தள்ளின மாட்டுக்கு யார்தான் தண்ணீர் காட்ட மாட்டார்கள்? பக்கத்து வீட்டு முனியம்மா அந்த நேரம் வெளியே வந்திருந்தால் அவளும்தான் காட்டியிருப்பாள். அவளுக்கு அறுபது வயது.

அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சாமியே காட்டின மாப்புள்ளடி. இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சினு கீற?"

"அவரு பொண்ணு என்ன அக்கான்னு கூப்புடறா அத்தை."

"அப்பால அம்மான்னு கூப்புடுவா. அவ நாக்கு இன்னா தேஞ்சா பூடும்?"

அப்பா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் தெனம் கேஜ்ல சொரங்கத்துக்குள்ள எறங்கறேன். ஒரு நாள் மேல வராட்டி உன்ன யாரு பாப்பா? உங்கம்மாவும் பூட்டா. இவரு பாப்பாரு. சாமியே சொல்லிட்ச்சு, இனிமே எனுக்கு பயமில்ல." அவருக்கு அந்த அடையாளம் ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்று அப்போது எனக்குத் தெரிந்தது. நீ எப்போதும் சொல்வாயே, "பயத்துல செய்யறத சாமி மேல போடாத." அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரை வந்தது. அவர் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தேன், சொல்லவில்லை.

நம் வீட்டார் ஞானஸ்நானம் வாங்கின நாளை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு அப்போது ஆறு வயது. உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோயில் என்பது அப்போது ஒரு தகரக் கொட்டகை. அப்பா தன்னைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டார். வேதத்தில் சிறைச்சாலைக்காரனுடைய வீட்டார் எல்லோரும் ஒரே நேரத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள், இந்த வீட்டாரும் அப்படியே என்று பாதிரியார் சொல்லிவிட்டு, தண்ணீரில் கை வைத்தார். நீ ஓர் அடி பின்னால் போனாய்.

"என்ன யாரும் கேக்கலியே" என்றாய்.

"வூட்டுக்காரன் நான் ஒத்துக்கினேன் இல்ல?" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

"நீ ஒனக்கு ஒத்துக்கின. எனுக்கு யாரு ஒத்துக்கினா?"

அன்றைக்கு அப்பாவும் நானும் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தோம், நீ அப்படியே வந்தாய். அதன் பிறகு ஏழு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் கடைசிப் பாயில் உட்கார்ந்து கேட்டாய். ஒரு நாள் ஆராதனை முடிந்ததும் நீயே எழுந்து முன்னால் போய், "ஐயா, இப்போ கேளுங்க" என்றாய். அவர் கேட்டார். நீ "ஆமா" என்றாய். அதிலிருந்து லைனில் உன் பெயரே "கேளுங்க அம்மா" ஆகிவிட்டது. கிண்டல் பண்ணினவர்களோடு சேர்ந்து நீயும் சிரித்தாய்.

ஈசாக்கின் கல்யாணக் கதையை நாம் படித்ததும் இதே மாதிரி ஒரு மெழுகுவர்த்தித் துண்டில்தான். ஆதியாகமத்திலேயே நீளமான அதிகாரம் அது. எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க உனக்கு ஒன்பது சாயங்காலம் பிடித்தது. பத்து ஒட்டகம் என்று வந்ததும் நீ நிறுத்தினாய்.

"ஒட்டகம் எவ்ளோ குடிக்கும்?"

"நெறைய குடிக்கும்னு டீச்சர் சொன்னாங்கம்மா. நாலு அஞ்சு கொடம்."

"பத்து ஒட்டகத்துக்கு அம்பது கொடமா? அத்தினி ஆம்பளைங்க நின்னுக்கினு வேடிக்க பாத்தானுங்களா? அந்தப் பொண்ணு இடுப்பு இன்னாத்துக்கு ஆவும்!"

ஊழியக்காரன் குனிந்து கர்த்தரைத் தொழுதுகொண்ட இடத்தில் நான் கொட்டாவி விட்டேன். உபதேசியார் பிரசங்கத்தில் அந்த இடத்தோடு நிறுத்திவிடுவார், நாமும் நிறுத்தலாம் என்றேன். நீ விடவில்லை. "அப்பால இன்னா ஆச்சு? மீதிய யாரு படிப்பா, ஒங்கப்பனா?" படித்தோம். ஒன்பதாம் நாள் அந்த இடம் வந்தது. பெண்ணின் தாயும் சகோதரனும் அவளையே கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்கிற இடம். உன் கறுத்த நகம் அந்த வரியை விட்டு நகரவில்லை. மூன்று தடவை என்னைப் படிக்கச் சொன்னாய். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாய். "பாத்தியா! ஒட்டகம் குடிச்சா மட்டும் பத்தலடி. வாயத் தொறந்து கேக்கறாங்க."

அடுத்த மழைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள்.

போன ஞாயிறு இரண்டாவது ஓலை முடிந்ததும் நான் உபதேசியாரிடம் போனேன். புத்தகத்தைப் பிரித்து அந்த வரியைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"சரி. கேட்டாங்க. அவ போறேன்னா. நீயும் அப்பிடியே சொல்லு, முடிஞ்சிது."

"போமாட்டேன்னு நான் சொன்னா, ஐயா?"

"அது ஒன் குரல் இல்லம்மா. பிசாசு குரல்."

அந்த வார்த்தை என்னை மூன்று நாள் தின்றது. சாப்பிட முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு எல்லாம் தப்பாகப் போட்டேன். பிசாசாக இருந்தால் என்ன செய்வது என்று அழுது ஜெபம் பண்ணினேன். உன் அளவுகோலை என் மேலேயே வைத்துப் பார்த்தேன். நானும் பயத்தில் சொல்வதைச் சாமி மேல் போடுகிறேனோ? பயம் இருக்கிறது. அந்த வீட்டை நினைத்தால் பயம், அவர் பக்கத்தில் நிற்க பயம், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவளுக்குச் சோறு போட்டு அம்மாவாக நடிக்கப் பயம். "ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துப்போடும், அப்புறம் என்ன மிச்சம் இருக்கிறதோ அதைக் காட்டும்" என்று கேட்டேன். வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. ஆனால் தினமும் நான் செய்துகொண்டிருக்கிற ஒரு காரியம் நினைவுக்கு வந்தது.

உன்னோடு கல் பொறுக்கின பெண்கள் ஆறு பேர் இப்போது என்னிடம் படிக்கிறார்கள். நீ போன மறு மாதம் காளியம்மாதான் வந்து கேட்டாள், "ஒங்கம்மாவுக்கு சொல்லிக் குட்த்தியே, எனுக்கும் சொல்லித் தர்றியா?" என்று. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுகிறேன். கஞ்சி குடிக்க விடுகிற அரை மணி நேரத்தில் கற்குவியல் மேலேயே உட்கார்ந்து படிக்கிறார்கள். காளியம்மா இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை, அவள்தான் எல்லாரையும்விட வேகம். லூக்கா சுவிசேஷத்தில் பாதி வந்துவிட்டோம். இதற்கு யாரும் அடையாளம் கேட்டு முழங்காலில் நிற்கவில்லை. அவள் கேட்டாள், நான் போனேன். பயத்தையெல்லாம் எடுத்துப் பார்த்த பிறகும் அந்த ஆறு பேர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அம்மா. தேவசித்தம் எனக்கு இவ்வளவுதான் தெரிகிறது. இதைப் பிசாசு என்று சொல்ல உபதேசியாருக்கு என்ன துணிச்சல்!

இன்று மத்தியானம் அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சோற்று மூட்டையைக் கட்டும்போது அவர் எதிரில் போய் உட்கார்ந்து, உபதேசியார் நிறுத்துகிற இடத்திலிருந்து கடைசி வரைக்கும் படித்தேன். "வாய மூட்றி" என்று அத்தை கத்தினாள். நான் மூடவில்லை. அப்பாவின் கை முடிச்சிலேயே நின்றது. பெண்ணைக் கேட்கிற இடம் வந்தபோது நிமிர்ந்து பார்த்தார். சுரங்கச் சங்கு ஊதியதும் எழுந்து போய்விட்டார். தினமும் "வரேன்மே" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். இன்று சொல்லவில்லை. கோபமா, வேறு எதுவுமா, எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நாளை நான் எழுந்து நிற்பேன். பாதிரியார் மூன்றாம் தடவையாகத் தடை உண்டா என்று கேட்கும்போது, பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து எழுந்து, "ஐயா, தடை இருக்குது. என்னைக் கேட்கவே இல்லை. இப்போது கேட்டால் போகமாட்டேன் என்று சொல்வேன்" என்று சொல்லுவேன். கோயிலில் எந்தப் பெண்ணும் ஓலைக்கு வாய் திறந்ததில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கினாலும் நீக்குவார்கள். அப்பா தோலை உரிக்கலாம். லைனில் எனக்கும் ஒரு பெயர் வைப்பார்கள், வைக்கட்டும். என் பெயரில் கர்த்தருக்கு ஒரு பொய் சொல்ல என்னால் முடியாது.

என் கால் நடுங்கும், அது நிச்சயம். அன்றைக்குக் கொட்டகையில் உன் காலும் நடுங்கியது. முந்தானையைப் பிடித்திருந்த எனக்கு மட்டும்தான் அது தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. நீ என்னிடம் விட்டுப்போனது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நடுங்கிக்கொண்டே…

ஷிப்டு முடிகிற சங்கு ஊதிவிட்டது. லைன் முழுக்கக் காலடிச் சத்தம். அத்தை முனகுகிறாள்.

அப்பா கதவைத் தட்டுகிறார்.

"ஏம்மே, முழிச்சினுதான கீற? வெளிச்சம் தெரீது. கதவத் தொற. ஷிப்டு பூரா கீழ அதையே நெனச்சினு கல்லொடச்சேன். ஒன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

அம்மா, அவர் கேட்கப் போகிறார். நான்…