தீவைச் சுற்றப் போனவளுக்கு

முந்தாநாள்தான் தீவிலிருந்து திரும்பினோம். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுப் பால்கனியில், கடலில் பாய்ப்பலகை ஓட்டும்போது கட்டும் என் இடுப்புப் பட்டையைக் காயப் போட்டிருந்தேன். இன்று காலை கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. உப்பும் ஊறிப்போன ரப்பரும் சன்ஸ்கிரீனும் கலந்த வாடை. உன் காரின் பின்பக்கத்தைத் திறந்தால் எப்போதும் வருமே, அதே வாடை. உன்னிடம் கோபமாக நாலு வார்த்தை பேச வேண்டும்போல் இருந்தது. நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உன்னைக் கடலுக்குக் கூட்டிப்போனது நான்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் மறந்துவிட்டார்கள். போர்ட் கிள்ளானில் அந்தக் கப்பல் ஏஜென்சியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. திங்கட்கிழமைகளில் வெயிலில் கருத்து, கை கொப்புளத்தோடு நான் வந்து உட்காருவதைப் பார்த்து ஒருநாள், "அப்படி என்னதான் இருக்கு அங்க? நானும் வரட்டா?" என்று கேட்டாய். நாற்பது வயதை நெருங்கியிருந்தோம். உனக்கு நீச்சல் மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு வாரம் பழகிவிட்டு நின்றுவிடுவாய் என்று நினைத்துத்தான் சரி என்றேன்.

கிள்ளானில் உன் வீட்டு வாசலில் நான் உன் காரில் ஏறிக்கொள்ள, ஜெஞ்சாரோமில் நாசி லெமாக் சோறு வாங்கிக்கொண்டு, கடலோரச் சாலை வழியாகப் போர்ட்டிக்சன் போவோம். பலகையின் மேல் நின்று, தண்ணீரில் கிடக்கும் பாய்மரப் பாயைக் கயிற்றால் இழுத்து நிமிர்த்தி, காற்றைப் பிடிக்க வேண்டும். எனக்கு அது வசப்பட வருஷக்கணக்கானது. நீ சில மாதங்களில் என்னைத் தாண்டிப் போனாய். விழுந்தாலும் சிரித்துக்கொண்டே விழுவாய். நான் விழும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும்.

"எப்படிடி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியல லா. காத்து இழுத்துச்சு, நான் சரின்னேன்."

அந்தப் பதில் ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்புறம் அந்தத் தீவுப் பயணம். மழைக்காலம் முடிந்து, ஆனால் காற்று இன்னும் ஓயாத மாதம். இரண்டு வேன்களில் பலகைகளைக் கட்டிக்கொண்டு மெர்சிங் போய், அங்கிருந்து படகு. நாலைந்து பலகை வீடுகளும் தென்னைகளும் மட்டும் இருந்த தீவு. போனில் சிக்னல் கோடே வரவில்லை. நம் குழுவை நடத்தும் குமரன் அண்ணன் பசியாறும்போது சொன்னார்: "இன்னைக்கு தீவைச் சுத்தி வரலாம். பின்பக்கம் கரையே கிடையாது, வெறும் பாறை. மூணு பேர்தான் போறோம். நான், ஆ செங், அப்புறம்..."

அந்த இடத்தில் என் பெயர் வரும் என்று பல வருஷமாகக் காத்திருந்தேன். அவர் கை உன்னைக் காட்டியது. பிறகு என்னைப் பார்த்து, "நீ கரையில இரு. யாராவது திரும்பலன்னா படகு எடுக்க ஆள் வேணும்ல?" என்றார்.

"ஓகே லா அண்ணே," என்று சிரித்தேன். உன் பட்டையை நானே இறுக்கிவிட்டேன். "நீயும் வாயேன்," என்றாய். அது இன்னும் எரிந்தது. உன் சிவப்புப் பாய் மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு சின்னதாகி, பாறை முனையைத் திரும்பி மறைந்தது. இந்தக் காற்று நின்று தொலையக்கூடாதா என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் காற்று நின்றது.

பின்னால் போன இருவரும் முனையிலேயே திரும்பி, கையால் துழாவிக் கரை சேர்ந்தார்கள். நீ வரவில்லை. நான் ஓடிப்போய்ப் படகுக்கார மலாய்ப் பெரியவர் பாக் சிக்கை எழுப்பினேன். படகு முனையைத் திரும்பும்வரை பாறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் நினைத்ததால்தான் காற்று நின்றது என்றே நம்பினேன்.

நீயோ பலகைமேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாய். பாய் பக்கத்தில் தண்ணீரில் விரிந்து கிடந்தது. எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாய்.

"ஏன்டி இவ்வளவு சீக்கிரம் வந்துட்ட? இங்க ஆமை வந்துச்சு. பெருசு. இப்பத்தான் போகுது."

பாக் சிக் விழுந்து விழுந்து சிரித்தார். நான் செத்துப் பிழைத்து வந்திருக்கிறேன், உனக்கு ஆமை! "வா, உட்காரு," என்று பலகையைத் தட்டினாய். கோபத்தில் குதித்தேனோ, வேறெதனாலோ, தெரியாது. நீந்தி வந்து உன் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். முட்டியோடு முட்டி இடிக்க இருவரும் உட்கார்ந்திருந்தோம். செங்குத்துப் பாறை, அதில் வெள்ளைப் பறவைகள், கீழே பச்சைத் தண்ணீர். ஆமை திரும்ப வரவில்லை. எனக்கு எப்படி வரும்?

அதன்பிறகு குழுவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் அந்தக் கதைதான். நடுக்கடலில் உட்கார்ந்து ஆமை பார்த்தவள். அதில் நான் 'படகில் போனவள்'. போகப்போக அதுவும் இல்லை. படகு தானாகப் போனது.

போன வருஷம் கிள்ளானில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். உனக்குப் பிடிக்கும் என்று இடியப்பம் கொண்டுவந்தால், வேறு யாரோ முன்னமே கொண்டுவந்து ஊட்டியிருப்பார்கள். மூன்று நாளில் அந்த வார்டே உன் சொந்தமாகிவிட்டது. ஒரு நர்ஸ் வெளியே என்னை நிறுத்தி, "நீங்கதான் அந்தப் படகு அக்காவா?" என்றாள். "காத்து நின்னதும் பயத்துல ஓன்னு அழுதாங்களாம். உங்க படகுச் சத்தம் கேட்டதும் கடல் தண்ணியில முகத்தைக் கழுவிக்கிட்டாங்களாம். ஆமையெல்லாம் பொய்யாம் அக்கா."

பயந்தாய் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. நேராக உள்ளே வந்து கேட்டேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

கண்ணைத் திறக்காமலே சிரித்தாய். "சொன்னா உனக்கு சந்தோஷமா இருந்திருக்கும்."

"என்ன பேச்சுடி இது?"

"உனக்கு என்மேல பொறாமைன்னு எனக்குத் தெரியாதா? கிள்ளான் முழுக்கத் தெரியும் லா."

ஊசி குத்தியிருந்த கையை மெதுவாக நகர்த்தி என் கைமேல் வைத்தாய்.

"விட்டுடாத. நீ பின்னாடி பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றேன்னு தெரிஞ்சாதான் எனக்கு வேகமே வரும்."

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு, இனித் தண்ணீரில் எனக்கு நிம்மதி என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

இந்த வருஷம் ஷா ஆலாமிலிருந்து ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். உன்னைவிட வயது குறைவு, உன்னைவிட வேகம். அதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த முறை அதே தீவுக்குப் போன மூன்றாம் நாள், தனியாகத் தீவை முழுதாகச் சுற்றி வந்து கரையில் இறங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மனசு சும்மா கிடந்தது. நல்லா ஓட்டுறே தங்கச்சி என்று சொல்லி, அவள் பலகையைத் தூக்கக்கூடக் கை கொடுத்தேன்.

அப்போது குமரன் அண்ணன் சொன்னார்: "இந்த மாதிரி ஓட்டுற பொம்பளைய நான் பார்த்ததே இல்ல."

"பார்த்திருக்கீங்க," என்றேன்.

குரல் உயர்ந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பெண் பலகையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அண்ணன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"ஆமா லா," என்றார். "பார்த்திருக்கேன்."

முகம் தகித்தது; பழகிப்போன தகிப்புதான். இத்தனை காலம் உன்னைப் பார்த்து எரிந்தது, இப்போது உன் பக்கம் நின்று எரிகிறது. உன் இடத்தில் இன்னொருத்தியை வைத்துப் பேச இவர்களுக்கு ஒரு வருஷம் போதுமாக இருக்கிறது. நான் இருக்கும்வரை அது அவ்வளவு சுலபமாக நடக்காதுடி.