காய்ந்த கிருமி

செப்டம்பர் 8, திங்கள்

சாத்தூர் பஸ் லேட். லேபுக்குள் நுழைந்தால் நாகஜோதி ஏற்கெனவே கோட்டு மாட்டி நிற்கிறாள். சேர்ந்து மூன்று மாதம் ஆகவில்லை. பிரபாகரன் சார் எதற்கெடுத்தாலும் "ஜோதிட்ட கேளுங்க" என்கிறார். இந்த பேண்டேஜ் கம்பெனியில் நாலு வருஷமாக நான் பஞ்சா பொறுக்கினேன்?

செப்டம்பர் 9

இதுவரை வெளியே கொடுத்துச் செய்த சோதனையை சார் எங்கள் இருவரிடமும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார். பேண்டேஜைச் சுத்திகரிக்கும் வாயுவுக்குக் கிருமி எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். கிருமி தடவிய காகிதத் துண்டுகளை வாயுப் பெட்டியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, சத்துநீர்க் குழாயில் போட வேண்டும். ஒரு வாரத்தில் நீர் கலங்கினால் கிருமி பிழைத்தது; தெளிவாக இருந்தால் செத்தது. சரியாகச் செய்பவர்தான் லேப் இன்சார்ஜ். சார் வாயாலேயே சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 16

அவள் குழாய்கள் தெளிந்து நிற்கின்றன. என்னுடையவை அத்தனையும் கஞ்சித் தண்ணி. அதே வாயு, அதே நேரம் — அதெப்படி? வயிறு எரிகிறது. இங்கே எழுதுவதில் என்ன மறைப்பு?

அவள் துண்டுகளைக் கூடுதல் நேரம் உள்ளே விட்டிருப்பாள் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். இருவரும் திரும்பச் செய்ய வேண்டுமாம், அவர் பக்கத்திலேயே நிற்பாராம்.

செப்டம்பர் 18

சார் வருவதற்கு முன் நாகஜோதி என் துண்டு டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஈரம் உறிஞ்சும் பைகளை அதற்குள் திணித்து வைத்தது நான்தான். பட்டாசுக் கம்பெனிக்காரி மகள் வேறென்ன செய்வேன்? மருந்து நமுத்தால் போச்சு என்று அம்மா வீட்டில்கூட எதையும் காயவைத்துக்கொண்டே இருப்பாள்.

"அக்கா, காஞ்சு கெடந்தா கிருமி இந்த வாயுவுக்கு அசையாது. ஈரம் பட்டாத்தான் சாகும். பையை எடுத்துட்டு, ஈரக் காத்துல கொஞ்ச நேரம் வைங்க. சார்ட்ட நான் சொல்லல."

மெதுவாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. கோள் மூட்டியது யாரென்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் அக்காவாம், அக்கா.

செப்டம்பர் 25

என் குழாய்களும் தெளிவு.

செப்டம்பர் 29, திங்கள்

நான்தான் இன்சார்ஜ். முதல் தடவை ஏதோ கைத்தவறு, இப்போது இருவருக்கும் சரியாக வந்துவிட்டது, அதனால் சீனியருக்கே என்று சார் முடிவு செய்துவிட்டார். முதலில் கை தட்டியது அவள். கிடைத்த பிறகும் எனக்கு ஏன் இப்படி எரிகிறது?

சாயங்காலம் சாரிடம் போய், அவளைப் பேக்கிங் பக்கம் மாற்றச் சொன்னேன்.

"ஏம்மா, லேபுக்கு நல்ல புள்ளையாச்சே?" என்றார்.

அதற்காகத்தான். பேக்கிங்கில் ஆள் குறைவு சார் என்றேன்.