உமாபதிக்கு, அம்மாவின் தலைக்கு மருதாணி போட்டது பற்றி

உ
சிவமயம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
22-9-68

சிரஞ்சீவி உமாபதிக்கு அப்பா எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடும்படியாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்றால் அதுவே எங்களுக்குப் போதும். தீபாவளிக்கு வருவதாக நீ போட்ட கடிதம் புதன்கிழமை வந்தது. இன்று மகாளய அமாவாசை, தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை, நம் சாயப்பட்டறையிலும் அடுப்பு மூட்டவில்லை, அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். ஆரணியில் உன் அக்கா ஏலவார்குழலியும் குழந்தைகளும் சுகம். முழங்கால் வலி எனக்கு விட்டபாடில்லை, கழியில் பட்டு நூலை மாட்டி அண்டாவில் புரட்டும்போது இரண்டு தரம் உட்கார்ந்து எழவேண்டியிருக்கிறது. முருகேசன் இருப்பதால் வேலை நடக்கிறது.

உன் கடிதத்தை அம்மா என்னை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு மடித்து வைத்தாள், அவ்வளவுதான். மற்ற தடவைபோல ஒன்றும் செய்யவில்லை. என்ன செய்வாள் என்பது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நீ கல்கத்தாவுக்குப் போனபோது அவள் தலையில் காதோரம் பத்து முடி நரைத்திருந்தால் அதிகம். நீ போய் ஆறு மாதத்துக்குள் முன்பக்கம் முழுவதும் வெளுத்துவிட்டது. நான் ஒரு தரம் விளையாட்டாகச் சொன்னதற்கு, "அவன் பாத்துட்டுப் போன தலையாட்டமே வச்சிக்கினா, நடந்தது ஒண்ணும் நடக்காத மாரி இருக்கும்" என்று சொன்னாள். அதிலிருந்து நீ வருவதாக எழுதும்போதெல்லாம் மருதாணி போடுவாள். போன பொங்கலுக்கு முன்பு அவள் போட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தென்னேரியிலிருந்து அவளுடைய தம்பி மனைவி அங்கம்மாள் நிழலில் காயவைத்து இடித்து மெல்லிய துணியில் சலித்து அனுப்பிய பொடி. இரும்புச் சட்டியில் பொடியைக் கொட்டி, தேயிலைத் தண்ணீரை விரல் பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு ஊற்றி, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, இட்லி மாவுப் பதத்துக்குக் கரைத்து ஒரு இராத்திரி அப்படியே மூடி வைத்தாள். காலையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத தலையில் வகிடு வகிடாகப் பிரித்து அடிமுடியிலிருந்து தடவி, பழைய துணியால் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்து, வெறும் தண்ணீரில் அலசினாள். அப்போது பார்க்கச் செங்கல் நிறமாக இருந்தது. மறுநாள் அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கரைத்து, அதை ஊறவிடாமல் உடனே தடவி ஒரு மணி நேரம் வைத்திருந்து அலசினாள். அதற்கும் மறுநாள்தான் நிறம் இறங்கிக் கருத்தது. ஆக மூன்று நாள் வேலை. நன்றாகவே வந்திருந்தது, நானே சொன்னேன். போகிக்கு முதல் நாள், லீவு கிடைக்கவில்லை என்று நீ எழுதிய கார்டு வந்தது.

பங்குனி உத்திரத்துக்கு நீ தந்தி கொடுத்தாய் அல்லவா, அது இங்கே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை காலை வருகிறாய் என்று இருந்தது. அம்மா தந்தியை வாங்கிக்கொண்டு முதலில் கண்ணாடியைத்தான் பார்த்தாள். ஊறவைக்க நேரமில்லை, போகட்டும் என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். முப்பத்திரண்டு வருஷமாகப் பட்டுக்கு நிறம் ஏற்றுகிறவன், மாம்பழம், அரக்கு, மயில்கழுத்து என்று கேட்ட நிறத்தைக் கண்ணளவில் கொண்டுவருகிறவன், ஒரு தலைக்கு ஏற்ற எனக்கு இராத்திரி முழுவதும் வேண்டுமா என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை பட்டறையில் எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தேன். பட்டு நூலுக்குப் பசை போக்குவதுபோலச் சோப்பும் சோடாவும் கரைத்து அவள் தலையை அலசினேன். மருதாணிப் பொடியைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டேன், கொதி வந்தால்தான் நிறம் பிடிக்கும் என்பது என் கைக்குத் தெரிந்த ஒரே பாடம். பொறுக்கும் சூட்டில் தடவினேன். அவள், "இன்னாங்க இவ்ளோ சூடா" என்று ஒரு தரம் கேட்டாள். தொழில் தெரிந்தவன் செய்கிறான், பேசாமல் இரு என்றேன்.

மருதாணிக்குக் கொதி ஆகாதாம். கொதித்தால் அதிலுள்ள நிறம் செத்துவிடுமாம். இதைப் பிறகுதான் அங்கம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அலசிவிட்டு முற்றத்து வெளிச்சத்தில் பார்த்தால் முன்பக்கம் திட்டுத் திட்டாகத் துருப்பிடித்த மாதிரி, நடுவில் மஞ்சள், பின்னால் ஒன்றுமே பிடிக்கவில்லை. சோடா பட்டு முடியெல்லாம் தேங்காய் நாராகிவிட்டது. அதன்மேல் அவுரி போட்டும் பார்த்தோம், ஒட்டவில்லை. அம்மா கண்ணாடியைக் கீழே வைத்தாள். அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. என்னைப் பார்த்து, "இத உமாபதி செஞ்சிருந்தா நீங்க இன்னா சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை காலை பஸ் நிலையத்தில் முதல் பஸ்ஸிலிருந்து பத்தரை மணி வரை நின்றேன். வீட்டுக்கு வந்தால், வர முடியவில்லை என்று உன் இரண்டாவது தந்தி எனக்கு முன்பே வந்திருந்தது. எதிர்வீட்டு லோகாம்பாள் தந்திச் சமாசாரம் கேட்க வந்தவள் அம்மா தலையைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, உன் வூட்டுக்காரரு பார்டருக்கு வச்சிருந்த சாயத்த உன் தலையில கொட்டிட்டாரா? அம்மனுக்குச் சாத்துற சீலையாட்டம் மின்னுது" என்றாள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் இந்த வருஷம் உற்சவம் பார்க்க அவள் தெருமுனைக்குக்கூட வரவில்லை, ஒரு மாதம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நீ அன்றைக்குக் கிளிப்பச்சை அண்டாவைக் கொதியில் கூடுதலாக விட்டு நூல் திட்டாகிப் போனதற்கு, முருகேசனையும் மற்ற இரண்டு ஆட்களையும் வைத்துக்கொண்டு, "கொதி பாக்கத் தெரியாத கைக்கு இந்த வூட்ல சோறு எதுக்கு" என்று சொன்னேன். நீ அன்று சாப்பிடவில்லை. எட்டாம் நாள் ரயில் ஏறிவிட்டாய். அது கல்யாணப் பட்டு, நாள் நெருங்கியிருந்தது, கோபத்தில் வந்தது என்று மூன்றரை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்ட பிறகு அது சரிப்படவில்லை. ஒரு தப்புக்கு நூலை மறுபடி நனைத்தால் தீர்ந்தது, அரக்காக மாற்றி நானே அதைத் தீர்த்தும் கொடுத்தேன். சோற்றைச் சொன்னதைத்தான் தீர்க்க முடியவில்லை. ஆட்கள் முன்னால் சொன்னதை ஆட்கள் முன்னாலேயே எடுக்கவேண்டும் என்று நேற்றுப் பட்டறையில் முருகேசனிடம், அன்றைக்கு நான் பையனைச் சொன்னது தப்பு என்றேன். அவன் நூலைப் பிழிந்துகொண்டே, "இத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது மொதலாளி? அவருக்கு ஒரு கடுதாசி போடுங்க" என்றான். அதனால்தான் இந்தக் கடிதம். நான் சொன்னது தப்பு, உமாபதி.

அங்கம்மாள் புதுப்பொடி ஒரு டப்பா கொடுத்தனுப்பி ஒரு மாதம் ஆகிறது. அம்மா அதைத் திறக்கவில்லை. தீபாவளிக்குப் போட்டுக்கொள்ளவில்லையா என்று நானாகக் கேட்டேன். "வரட்டும். வந்தா இருக்கிற மாரி பாக்கட்டும்" என்றாள். இப்போது அவள் தலை வகிட்டிலிருந்து மூன்று விரற்கடை வெறும் வெள்ளை, அதற்குக் கீழே என் கைவண்ணம், நுனியில்தான் பழைய கருப்பு. நரைத்ததற்காக நான் வருத்தப்படவில்லை, எனக்கும்தான் நரைத்திருக்கிறது. நீ வருவாய் என்று அவள் இந்தத் தடவை எதுவும் செய்யவில்லையே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. லீவுதான் காரணம் என்றால் அதற்கு நீ என்ன செய்வாய். லீவு காரணமில்லை என்றால் மேலே எழுதியிருக்கிறேன், அதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. வந்தால் வாசலில் வைத்து அவள் தலையைப் பார்த்து இது என்னம்மா என்று கேட்டுவிடாதே. பசிக்குது என்று சொல், அது போதும். மருதாணி போட்டுக்கொள்ளவேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால் பிறகு அவளே போட்டுக்கொள்வாள், நான் கை வைக்கமாட்டேன்.

மழைக்காலம், மெயில் வண்டியில் ஜன்னலோரம் படுக்காதே. வழியில் கண்ட தண்ணீரைக் குடிக்காதே. காமாட்சியம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கவேண்டும், தீர்க்காயுசாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. வருகிறாய் என்றால் நாள் குறித்து எழுதவும் வேண்டாம், தந்தியும் வேண்டாம், நேராக வந்துவிடு. வர முடியவில்லை என்றால் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. பட்டறை விலாசத்துக்கு என் பேருக்கு எழுது. தபால்காரர் பதினோரு மணிக்கு அங்கே வருகிறார், நான் இருப்பேன். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன் உன் அப்பா,
கா. வீரபாகு