உங்கள் வலது காலின் மை அச்சு

பட்டறையில் இன்று பழைய காகிதங்களை ஒழித்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் கரையான் வந்துவிட்டதென்று, இந்தச் செருப்புப் பட்டறையை நடத்தும் ஷகிலா இரண்டு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். கட்டுக்கட்டாக எடுத்துத் தரையில் தட்டியபோது ஒன்று மட்டும் நழுவி மேசைக்கடியில் போனது. குனிந்து எடுத்தேன். உங்கள் வலது கால்.

மை அச்சு அது. ரப்பர் விரிப்பின் அடிப்பக்கம் மை தடவி, அதன்கீழ் காகிதம் வைத்து, மேலே ஆளை மிதிக்க வைப்போம். எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே கறுப்பாக விழும். எங்கே கறுப்போ அங்கேதான் புண் வரும். உங்களுக்குப் பெருவிரலுக்குக் கீழே கட்டெறும்பு நிறத்தில் ஒரு வட்டம். ஓரத்தில் என் கையெழுத்தில் உங்கள் பெயரும், வலது என்பதற்கு 'வ' என்ற எழுத்தும். உங்களை எரித்தபோது இந்தக் கால் உங்களோடு இல்லை. இந்தக் காகிதம்தான் அதன் மிச்சம். அதிலும் குதிகால் பக்கம் கரையான் தின்றிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அலமாரியிலிருந்த கரையானை ஒவ்வொன்றாக நசுக்கினேன். ஷகிலா மருந்தடிக்க ஆள் வருகிறான் என்றாள். காதில் வாங்கவில்லை.

அந்த வாஷர் உங்களுக்கு நினைவிருக்கிறதா? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த காலம். ஷிஃப்ட் முடிந்து வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் ஷூவைக் கழற்றினீர்கள். சாக்ஸ் நனைந்திருந்தது. எங்கேயோ தண்ணீரில் மிதித்துவிட்டீர்களென்று நினைத்து ஷூவைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு இரும்பு வாஷர் விழுந்து, உருண்டு, சுவரோரம் போய்ச் சாய்ந்தது.

"அட, இதைத்தான் காலையிலேருந்து தேடிக்கிட்டிருந்தேன்" என்று சிரித்தீர்கள்.

உங்கள் காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே வாஷரின் வட்டம் அச்சடித்தது போலப் பதிந்து, நடுவே தோல் கிழிந்திருந்தது. காலைச் சங்கு ஊதியதிலிருந்து சாயங்காலம்வரை அதன்மேலேயே நின்று வேலை பார்த்திருக்கிறீர்கள்.

"வலிக்கலையாங்க?"

"வலிச்சிருந்தா எடுத்திருக்க மாட்டேனா?"

சர்க்கரை உங்கள் காலின் உணர்ச்சியைத் தின்று தீர்த்துவிட்டதென்று டாக்டர் சொன்னார். புண்ணைச் சுத்தம் செய்து கட்டி, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்தப் பட்டறைக்குச் சீட்டெழுதிக் கொடுத்தார். இங்கே ஷகிலா தனியாளாகச் சர்க்கரைக்காரர்களுக்குச் செருப்பும், செருப்புக்குள் வைக்கும் இன்சோலும் செய்துகொண்டிருந்தாள். எனக்கு மகள் வயதுதான் அவளுக்கு. உங்களுக்கு முன்னால் இருபது பேர் காத்திருக்கிறார்கள் என்றாள். பிறகு என் விரலில் இருந்த ஊசித் தழும்புகளைப் பார்த்து, "தைப்பீங்களாக்கா?" என்று கேட்டாள். அப்படித்தான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த நான் செருப்புக்கு வந்தேன். உங்கள் செருப்பு சீக்கிரம் கிடைக்குமே என்ற சுயநலம்தான். அன்றிலிருந்து நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேயில்லை. டெய்லரம்மாதான்.

இருபது வருஷம் கத்தரிக்கோல் பிடித்தவளுக்கு இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். காலைச் சுற்றிக் கோடு போடும்போது பென்சில் நட்டமாக நிற்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தால் அளவு போச்சு. எம்.சி.ஆர் என்கிற மெத்து ரப்பரை வெட்டக் கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. மை அச்சில் கறுப்பாக விழுந்த இடத்துக்கு நேராக இன்சோலில் ஒரு குழி எடுக்க வேண்டும், அப்போதுதான் புண் தரையில் படாது. உங்களுக்காக எடுத்த முதல் குழியை ஜாக்கெட் கழுத்து வெட்டுவதுபோல வட்டம் பிசகாமல் வெட்டினேன். ஷகிலா கட்டைவிரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"பார்க்க நல்லாருக்குக்கா. ஆனா இந்த விளிம்புலேயே அடுத்த புண்ணு வரும்" என்று சொல்லிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டாள். மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. ஜாக்கெட் இறுக்கமாக இருந்தால் போட்டவள் வந்து சண்டை போடுவாள், பிரித்துத் தைத்துக் கொடுக்கலாம். இங்கே வருகிறவர்களுக்கு நாம் செய்யும் தப்பு வலிக்காது. ஒரு வாரம் கழித்துச் சீழாகத்தான் தெரியும்.

விளிம்பைச் சரிவாக்குவது கத்தியால் ஆகிற காரியமில்லை, கிரைண்டிங் மெஷினில்தான் ஆகும். எனக்கோ மெஷினைக் கண்டாலே பயம். முதல் தடவை இன்சோலைப் பிடுங்கிச் சுவரில் அடித்தது. வாராந்திர விடுமுறையில் நீங்கள் கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டு வந்தீர்கள். மெஷினை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டீர்கள். "சக்கரம் துள்ளுது" என்றீர்கள். ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே அதைக் கழற்றிப் பூட்டி, அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்தீர்கள். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மெஷினுக்கு ஊட்டாதே, டெய்லரம்மா. காட்டு. வேணுங்கறதை அதுவே எடுத்துக்கும்."

ரப்பர் தேய்கிற வாசனையில் உங்களுக்குத் தும்மல் வந்தது. ஐந்தாவது ஜோடி சரியாக அமைந்தது. ஷகிலா கட்டைவிரலால் தடவிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறதென்று அர்த்தம். அந்த ஜோடியைப் போட்டு நடந்துதான் உங்கள் புண் ஆறியது. நான்கு மாதத்தில் புதுத்தோல் மூடிவிட்டது.

ஆனால் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை நான் உங்களிடம் சொல்லாமல் ஸ்ரீரங்கம் போனேன். புண்ணில் மறுபடி நீர் கோத்திருந்த வாரம் அது. என் கைவேலையின்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பெருமாளே, இந்தக் கால் ஆறட்டும், இதே காலால் அவரை அடிப்பிரதட்சணம் வர வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொட, அடிமேல் அடி வைத்துப் பிராகாரத்தைச் சுற்றி வருகிற வேண்டுதல். ஆறினது கால்தானே, நன்றியையும் கால்தானே சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது.

உங்களுக்குச் சாமியில் பெரிய பிடிப்பில்லை. கோயில் வாசல்வரை வந்து வெளியே நின்று பேப்பர் படிக்கிற ஆள். வேண்டுதலைச் சொன்னதும், "ஆத்தினது உன் செருப்பு, நன்றி மட்டும் அவருக்கா?" என்று கேட்டீர்கள். இருந்தும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் கிளம்பிவிட்டீர்கள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஆரம்பித்தீர்கள்.

"வேண்டிக்கிட்டது நீ. நடக்கிறது நானா? வேண்டிக்கிட்டவங்க கால் நடக்கட்டுமே."

முன் சீட்டிலிருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சும்மா வாங்க, மானத்தை வாங்காதீங்க" என்று உங்கள் கையில் கிள்ளினேன்.

சித்திரை மாதம். காலையிலேயே முடித்துவிடலாமென்றுதான் போனோம். சேவிக்க நின்ற வரிசை நீண்டு, வெளியே வரும்போது உச்சி வெயில். சாயங்காலம் பண்ணிக்கொள்ளலாமே என்றீர்கள். காலையிலிருந்து பட்டினி, முடித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றேன். நடப்பவர்களுக்கென்று கல்தரையில் சூடேறாமல் வெள்ளை அடித்திருந்த பாதையில்தான் தொடங்கினீர்கள். நீங்கள் அங்குலம் அங்குலமாக நகர, பின்னால் கூட்டம் முட்டியது. நான்தான், "வழி விட்டு ஓரமா வாங்க" என்று உங்களை வெறும் கல்லில் இறக்கினேன். எனக்கு இரண்டு நிமிடம் நிற்க முடியவில்லை. மண்டபத்து நிழலுக்கு ஓடிப்போய் அங்கிருந்து பார்த்தேன். நீங்கள் நிதானமாக அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தீர்கள்.

"சுடலையாங்க?" என்று கத்தினேன்.

"எனக்கென்ன சுடுது?" என்று சிரித்தீர்கள்.

ஒரு வருஷமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம், உங்க காலுக்குச் சூடு தெரியாது, வெறுங்காலோடு இருக்காதீங்க என்று பாடம் சொன்னவள் நான். எனக்கு அப்போது அது பக்தியாகத் தெரிந்தது. பெருமாள் உங்களைத் தாங்குகிறார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இப்படியும் ஒரு மடத்தனம் உண்டா?

அன்று சாயங்காலம் வீட்டில் சிவப்புச் சிமென்ட் தரையெங்கும் ஈரத் தடம். "கால் கழுவினா துடைச்சிட்டு வரக்கூடாதா?" என்று திட்டினேன். நீங்கள் கால் கழுவவில்லை. பாதம் முழுக்கக் கொப்புளம் கட்டி உடைந்திருந்தது.

டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என்ன ஆயிற்று என்று கேட்டார். "செருப்பு வார் அறுந்துடுச்சு டாக்டர். தார் ரோட்டுல கொஞ்ச தூரம் வெறுங்கால்ல நடந்துட்டேன்" என்றீர்கள். எவ்வளவு லேசாகச் சொன்னீர்கள்! மறுநாள் ஷகிலா வந்து, வாரை மாற்றித் தருகிறேன் என்று செருப்பைக் கேட்டு வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். "நல்லாத்தான்க்கா இருக்கு" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு உங்களிடம் கேட்டேன், ஏன் பொய் சொன்னீர்கள் என்று.

"நீ தினம் பட்டறையில போய் உட்காரணும்ல?"

முதலில் இரண்டு விரல். பிறகு முழங்காலுக்குக் கீழே. வெட்டிய காலை என்ன செய்வது என்று ஒரு தாளில் என்னிடம்தான் கையெழுத்து வாங்கினார்கள். மயக்கம் தெளிந்து போர்வையைப் பார்த்த நீங்கள், "இனிமே உனக்குப் பாதி வேலைதான், டெய்லரம்மா" என்றீர்கள். நான் சிரித்திருக்க வேண்டும். நீங்கள் அதற்காகத்தான் சொன்னீர்கள். வெளியே போய்க் குழாயடியில் வாந்தியெடுத்தேன். அந்தப் புண்ணும் ஆறவில்லை. சீழ் ரத்தத்தில் கலந்து, புரட்டாசி பிறப்பதற்குள் போய்விட்டீர்கள்.

அதன்பிறகும் பட்டறைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறேன். யாராவது விசாரித்தால், வார் அறுந்து தார் ரோட்டில் நடந்துவிட்டார் என்று சொல்லி வந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே சில நாள் அந்த ரோடு கண்ணில் தெரியும்.

இன்று மத்தியானம் திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். விவசாயக் குடும்பம். கணவருக்கு உங்களைப் போலவே பெருவிரலுக்கு அடியில் புண். இன்சோலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, கோயிலுக்குள்ள மட்டும் கழட்டிக்கலாம்ல? புண்ணு ஆறினா இவரு அடிப்பிரதட்சணம் வர்றதா நான் வேண்டியிருக்கேன்."

உங்கள் அச்சு மேசைமேல்தான் கிடந்தது. அதை எடுத்து அந்த அம்மாள் முன்னால் வைத்தேன்.

"இது யாரு காலும்மா?"

"எங்க வீட்டுக்காரரு காலு. ஆறின காலுதான். இப்படித்தான் நானும் வேண்டிக்கிட்டு, உச்சி வெயில்ல கல்லுல நடக்க வச்சேன். அவருக்குச் சுடுறது தெரியல. எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நடக்க வச்சேன். காலை எடுத்துட்டாங்க. அப்புறம் அவரும் இல்லீங்க."

பின்னால் மெஷின் சத்தம் நின்றது. ஷகிலா அணைத்துவிட்டாள். அந்த மனிதர் தன் காலை மெல்ல உள்ளுக்கு இழுத்துக்கொண்டார். அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வேண்டிக்கிட்டதை மாத்தினா சாமி குத்தம் ஆயிடாதா?"

"வேண்டிக்கிட்டவங்க கால் நடக்கட்டும்மா" என்றேன். பஸ்ஸில் கிள்ளி அடக்கினேனே, அதே வார்த்தை. "நீங்க நடங்க. உங்களுக்குச் சுடும். சுட்டா நிழலுக்கு ஓடி வந்துடுவீங்க."

அந்த அம்மாள் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். "அப்ப நானே நடக்குறேன்" என்றார்.

அவர்கள் போன பிறகு ஷகிலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னைக்கே தெரியும்க்கா. நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றாள். அவளுக்கு அதற்குமேல் பேசத் தெரியாது. கரையான் தின்ற இடத்தில் காகிதம் ஒட்டி, அச்சைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள்.

நாளையிலிருந்து அது அலமாரியில் இருக்காது, மேசைமேல் இருக்கும். அளவு கொடுக்க வருகிறவர்களிடம் பென்சிலை எடுக்கும் முன்னால் வேண்டுதல் ஏதும் உண்டா என்று கேட்கப்போகிறேன். இது யார் கால் என்று கேட்டால் சொல்லப்போகிறேன். எனக்காக நீங்கள் சொன்ன பொய்யை இத்தனை நாள் வைத்துக்கொண்டேன், போதும். உங்கள் செருப்பின் வார் அறுந்துபோகவில்லை. கோபுர வாசலில், நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, குனிந்து என் கையால் நான்தான் அதைக் கழற்றினேன்.